காரைக்குடி வீணையும் கணினியின் நடுக்கமும்

திரைப்பாடலிலும் தொலைக்காட்சித் தொடர்களின் முகப்பு இசையிலும் இன்று நாம் கேட்கும் வீணை, பல வேளைகளில், எவரும் மடியில் கிடத்தி மீட்டியதன்று. எங்கோ ஒரு கலைஞர் சுரம் சுரமாக மீட்டித் தந்த ஒலித்துணுக்குகள் கணினியில் சேமிக்கப்பட்டு, கீபோர்டின் கட்டைகளுக்குப் பங்கிட்டுத் தரப்பட்டிருக்கின்றன. இதைச் செய்யும் மென்பொருளுக்குச் சாம்ப்ளர் என்று பெயர். கட்டையை அழுத்தினால் வீணையின் நாதம் பிழையின்றி எழும். ஆனால் அது அசையாது. அசையாத வீணையை நம் செவி வீணையென ஏற்பதில்லை. ஆகவே அசைவுக்கென்று அம்மென்பொருளில் உள்ள ஓர் உறுப்பைத் திருகிவிடுவார்கள். லோ ஃப்ரீக்வென்சி ஆசிலேட்டர் என்பது அதன் முழுப்பெயர். ஒலிப்பதிவுக் கூடங்களில் எல்.எஃப்.ஓ. ‘தாழதிர்வு அலைவி’ என்று நாம் தமிழாக்கிக்கொள்ளலாம். கலைச்சொல்லாக்க ஆர்வம் ஒருபுறம் இருக்க, கூடத்தில் அப்படிச் சொன்னால் எவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்பதால், இங்கும் எல்.எஃப்.ஓ. என்றே வழங்குவோம்.

அந்தச் சிறு உறுப்பின் வரலாற்றையும் காரைக்குடி வீணை மரபின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதாகத் தோன்றக்கூடும். ஆனால் இரண்டும் ஒரே வினாவை எதிர்கொண்டவை. ஒரு சுரம் தன் இடத்தில் நில்லாது அசையும்போது, அந்த அசைவை முடிவு செய்வது எது?

முதலில் எந்திரத்தைப் பார்த்துவிடுவோம். நொடிக்கு ஏறத்தாழ 20 அதிர்வுகளுக்கு மேற்பட்டவற்றையே மனிதச் செவி ஒலியாக உணர்கிறது. எல்.எஃப்.ஓ. பெரும்பாலும் அதற்குக் கீழே இயங்குவது. ஆதலால் அதை நாம் நேராகக் கேட்பதில்லை. அது மற்றொன்றை ஆட்டுவதையே கேட்கிறோம். சுருதியோடு இணைத்தால் சுருதி ஏறி இறங்கும். ஒலியளவோடு இணைத்தால் ஓசை பெருகிச் சிறுக்கும். வடிகட்டியோடு இணைத்தால் ஒலியின் நிறம் திறந்து மூடும். எவ்வளவு வேகமாக, எவ்வளவு ஆழமாக, எந்த வடிவில் என்ற மூன்றையும் இசையமைப்பாளர் குறித்துவிட வேண்டும். வளைந்தோடும் சைன் அலை, முக்கோணம், சதுரம், வாட்பல் என்று வடிவங்கள் சில உண்டு. குறித்தபின் அது தன் போக்கில் சுழன்றுகொண்டே இருக்கும்.

இது எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் ராபர்ட் மூக் 1964இல் உருவாக்கிய சின்தசைஸரில், ஓர் அலையியற்றியைக் கொண்டு மற்றோர் அலையியற்றியைக் கட்டுப்படுத்தலாம் என்பது அடிப்படைக் கருத்து. 1970இல் வந்த மினிமூகில் மூன்று அலையியற்றிகள் இருந்தன. மூன்றாவதை மிகத் தாழ்ந்த வேகத்தில் ஓடவிட்டு மற்ற இரண்டையும் ஆட்டுவது வழக்கமாயிற்று. கட்டைகளின் இடப்புறம் இரு சக்கரங்கள். ஒன்று சுருதியை வளைக்க, மற்றொன்று அந்த ஆட்டத்தின் அளவைக் கூட்டிக்குறைக்க. 1983இல் பல நிறுவனங்களின் கருவிகள் தம்முள் பேசிக்கொள்ள மிடி என்னும் பொதுமொழி வகுக்கப்பட்டபோது, கட்டுப்பாட்டு எண்களுள் ஒன்றாம் எண் அந்த இரண்டாம் சக்கரத்துக்கே தரப்பட்டது. அதைத் தள்ளினால் பெரும்பாலான கருவிகளில் நிகழ்வது ஒன்றுதான்: மேலைப் பாடகரின் குரலில் கேட்கும் வைப்ராட்டோ என்னும் சீரான நடுக்கம். அயோவாவில் கார்ல் சீஷோர் 1930களில் பாடகர்களின் குரலை அளந்து, அந்நடுக்கம் நொடிக்கு ஆறேழு முறை நிகழ்கிறதென்று கண்டிருந்தார். எல்.எஃப்.ஓ.வுக்கு மிக எளிதாகக் கைவரும் அசைவு அதுவே.

சாம்ப்ளர்களுக்கு இந்த உறுப்பு இன்னொரு காரணத்தாலும் தேவைப்பட்டது. 1979இல் சிட்னியில் உருவான ஃபேர்லைட் கருவியில் ஒரு குரலுக்கு 16 கிலோபைட் நினைவகமே இருந்தது. இன்று ஒரு சிறு புகைப்படத்துக்கே அது போதாது. ஒரு நொடியளவு ஒலியைப் பதிந்து, அதன் ஒரு துண்டைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு நீட்டினார்கள். அவ்வாறு நீட்டிய ஒலி உயிரற்றுக் கிடக்கும். அதன்மேல் மெல்லிய நடுக்கம் ஒன்றைத் தூவினால் சற்றே மூச்சு வந்ததுபோல் தோன்றும். பின்னர் நினைவகம் மலிந்தது. 1998இல் வந்த கிகாசாம்ப்ளர் ஒலியை வன்தட்டிலிருந்தே நேராக எடுத்து இசைத்தது. 2002இல் பெர்லினிலிருந்து வந்த கான்டாக்ட் என்னும் மென்பொருள் உலகெங்கும் பரவியது. துணுக்குகள் நீண்டன, தெளிந்தன. நடுக்கத் திருகு மட்டும் அப்படியே இருந்தது.

இனி காரைக்குடிக்கு வருவோம்.

காரைக்குடி சகோதரர்கள் எனப் புகழ்பெற்ற சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் புதுக்கோட்டையை அடுத்த திருக்கோகர்ணத்தில் தலைமுறை தலைமுறையாக வீணை வாசித்த குடும்பத்தினர். நகரத்தார் ஆதரவில் காரைக்குடியில் வாழ்ந்து அவ்வூரின் பெயரையே தம் பெயராக்கிக்கொண்டனர். அண்ணன் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசிப்பார். தம்பி மடியில் கிடத்தி வாசிப்பார். மீட்டின் உறுதியும் தானம் வாசிப்பதில் ஒழுங்கும் இம்மரபின் அடையாளங்கள் என்பர். அண்ணன் மறைந்தபின் சாம்பசிவ ஐயர் ருக்மிணி தேவியின் அழைப்பில் கலாக்ஷேத்திரத்தில் ஆசிரியராக அமர்ந்து, 1958இல் மறையும்வரை கற்பித்தார். 1952இல் சங்கீத கலாநிதிப் பட்டம் பெற்றார். அவ்வாண்டுக்குரிய சங்கீத நாடக அகாதெமி விருது கருநாடக இசையில் இருவருக்குக் கிடைத்தது. வாய்ப்பாட்டுக்கு அரியக்குடி இராமானுஜ ஐயங்கார், கருவியிசைக்குக் காரைக்குடி சாம்பசிவ ஐயர். அடுத்தடுத்த இரண்டு செட்டிநாட்டு ஊர்கள் அகாதெமியின் தொடக்கப் பட்டியலில் அக்கம்பக்கமாக நின்றதை நம் ஊரார் இன்னும் கொஞ்சம் உரக்கவே சொல்லிக்கொள்ளலாம்.

அதே காரைக்குடி ஒலியை உடலிலிருந்து பிரித்தெடுக்கும் கலைக்கும் ஒரு நிலைக்களம். கிராமபோன் தட்டு வணிகத்தில் தொடங்கிய ஏ.வி. மெய்யப்ப செட்டியார், 1938இல் ‘நந்தகுமார்’ படத்தில் ஒருவர் வாயசைக்க மற்றொருவர் பாடும் பின்னணி முறையைக் கையாண்டார். 1944இல் கன்னட ‘ஹரிச்சந்திரா’வைத் தமிழ்க்குரல் ஏற்றி வெளியிட்டார். 1947இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ காரைக்குடியில் அவர் அமைத்த படப்பிடிப்புக் கூடத்தில் உருவானது. குரல் ஓரிடம், உடல் ஓரிடம் என்ற ஏற்பாட்டை நாம் அன்றே இயல்பாக ஏற்றுக்கொண்டோம். சாம்ப்ளர் அதே வழியில் இன்னும் சில அடிகள் சென்றிருக்கிறது: பின்னணிப் பாடகரிடமிருந்து ஒரு முழுப்பாட்டைப் பெற்றோம், சாம்ப்ளருக்குத் தந்தவரிடமிருந்து சுரங்களை மட்டும் பெற்றோம். அவற்றை இணைப்பது அவர் கையன்று.

அந்த இணைப்பில்தான் சிக்கல். வீணையில் 24 மெட்டுகள். மெழுகில் பதித்தவை, அசையாதவை. பார்வைக்கு அது கீபோர்டைப் போல ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் இடம் வகுத்த கருவிதான். வாசிப்பவர் அந்த ஏற்பாட்டை மீறிக்கொண்டே இருக்கிறார். மெட்டின்மேல் நரம்பைப் பக்கவாட்டில் இழுத்தால் சுருதி உயரும்; ஒரே மெட்டில் நின்றபடி இரண்டு மூன்று சுரங்கள் மேலே சென்று திரும்பலாம். மெட்டுக்குக் கீழே மட்டும் போக முடியாது. தோடி ராகத்துக் காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். அது தன் பெயருக்குரிய இடத்தில் நிலைத்து நிற்பது அரிது. ரிஷபத்தின் பக்கமிருந்து மத்திமத்தை நோக்கி எழுந்து திரும்பும் ஓர் ஊசலாகவே ஒலிக்கிறது. அதை வாசிக்கும் விரல் காந்தார மெட்டில் நில்லாமல், அதற்குக் கீழுள்ள மெட்டில் நின்று நரம்பை இழுத்து விடுகிறது. கேட்பவர் காந்தாரம் என்கிறார். காந்தார மெட்டோ தொடப்படவே இல்லை.

எல்.எஃப்.ஓ. இதற்கு நேர்மாறாகச் செயல்படுவது. அதற்கு நடுப்புள்ளி ஒன்று வேண்டும். பதிந்த காந்தாரத்தை நடுவில் வைத்து, மேலும் கீழும் சம அளவில் ஆட்டும். ஒரு பக்கம் மட்டும் ஆட்டும்படி அதை மாற்றலாம். பல மென்பொருள்களில் அதற்குத் திருகு உண்டு. தாளத்தின் வேகத்தோடு பிணைக்கலாம், அதற்கும் உண்டு. அப்படியும் தோடி வருவதில்லை. விரல் ஓரிடத்தில் சற்றே தங்குகிறது, விரைந்து எழுகிறது, தங்குகிறது, அடுத்து வரப்போவது ரிஷபமா மத்திமமா என்பதை அறிந்து திரும்புகிறது. அசைவின் வடிவை அடுத்த சுரம் முடிவு செய்கிறது. எல்.எஃப்.ஓ.வுக்கு அடுத்த சுரம் என்று ஒன்று தெரியாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. சாம்ப்ளர் சுருதியை உயர்த்துவது பொதுவாகப் பதிவை வேகமாக ஓட்டித்தான். அப்போது நரம்பின் சுருதியோடு குடத்தின் ஒத்ததிர்வும் சேர்ந்து மேலேறிவிடுகிறது. மெய்யான வீணையில் நரம்பு மட்டுமே இழுபடுகிறது. பலாமரக் குடம் இருந்தபடி இருக்கிறது. குதிரையின் வளைந்த மேற்பரப்பில் நரம்பு பட்டுப்பட்டு எழுவதால் வீணைக்குக் கிடைக்கும் தனித்தன்மையை சி.வி. ராமன் 1921இலேயே எழுதியிருக்கிறார். பதிவை வேகமாக ஓட்டி ஆட்டும்போது நாம் கேட்பது நரம்பின் அசைவை மட்டுமன்று. குடமும் குதிரையும் நிமிடத்துக்கு நூறு முறை பெரிதாகிச் சிறிதாகும் ஒரு விந்தை வீணையை. மூளை எங்கோ ஓர் ஓரத்தில் அதைக் கண்டுகொள்கிறது. ‘செயற்கை’ என்ற ஒற்றைச் சொல்லால் கடந்துவிடுகிறோம்.

நம் மரபு அசைவை எப்படி எழுதிவைத்தது? 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் ‘சங்கீத ரத்னாகர’த்தில் 15 கமகங்களைக் கூறி, அவற்றுள் சிலவற்றைக் கால அளவாலேயே வேறுபடுத்துகிறார். துருதத்தில் கால்பங்கு வேகம் திரிபம், மூன்றிலொரு பங்கு ஸ்புரிதம், அரைப்பங்கு கம்பிதம், லகு அளவினது ஆந்தோலிதம் என்று செல்கிறது அந்த வரிசை. எல்.எஃப்.ஓ.வின் வேகத் திருகுக்கு எண்கள் எழுதித் தந்ததுபோல் இருக்கிறது. இதைக் காட்டி ‘எல்லாம் அன்றே இருந்தது’ என்று மார்தட்டுவோர் கிளம்புவதற்குள் அடுத்த நூலைத் திறந்துவிடுவது நல்லது. 1904இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை அச்சேற்றியபோது, கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகள் அமைத்து, ஒவ்வொன்றையும் வீணையில் கை என்ன செய்கிறது என்பதைக்கொண்டே விளக்கினார். நொக்கு, ஒதுக்கு, ஒரிகை, வலி, ரவை, கண்டிப்பு. தெலுங்கு நூல்தான், ஆயினும் இச்சொற்களுள் எத்தனை நம் வீட்டுச் சொற்கள் என்று பாருங்கள். ஒதுக்குவதும் வலிப்பதும் கையின் வினைகள். நொடிக்கு எத்தனை என்ற கணக்கு பின்னுக்குப் போய், கையின் வினை முன்னுக்கு வந்தது.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், சிலப்பதிகாரக் கானல்வரி மாதவியின் யாழ் வாசிப்பைச் சொல்லுமிடத்தில் வார்தல், உந்தல், உருட்டல் முதலாக எட்டுக் கரணங்களைக் கூறுகிறது. அங்கும் வினைப்பெயர்களே. யாழ் ஒரு நரம்புக்கு ஒரு சுரம் கொண்ட கருவி. விபுலானந்த அடிகள் அதன் அமைப்பைக் கணக்கிட்டு மீட்டெடுத்த ‘யாழ்நூல்’ 1947இல் அரங்கேறியது. அதற்கு முன்னரே அவர், கானாடுகாத்தான் அண்ணாமலை செட்டியார் 1929இல் நிறுவிய பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் என்பதையும் நினைவில் கொள்வோம். யாழ் வழக்கொழிந்ததற்குக் கமகம் வராமையே காரணம் என்று இசை வரலாற்றாளர் சிலர் கூறுவர். அதை முழுதாக ஏற்க நமக்குத் தயக்கம் உண்டு; எட்டுக் கரணங்கள் வைத்திருந்த கை, நரம்பை வெறுமனே தட்டிவிட்டு நின்றிருக்காது. ஆனால் ஓர் ஒற்றுமை நம்மை நிறுத்துகிறது. சாம்ப்ளர் என்பது அமைப்பால் யாழ். கட்டைக்கு ஒரு சுரம், சுரத்துக்கு ஒரு துணுக்கு. யாழிலிருந்து வீணைக்கு வந்த நாம், வீணையைத் துணுக்காக்கி மீண்டும் யாழில் கட்டியிருக்கிறோம், கரணங்களை விட்டுவிட்டு.

இந்தச் சண்டை புதிதன்று. அசையாத கட்டைகளுக்காகவே அகில இந்திய வானொலி 1940 மார்ச் முதல் ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. அத்தடை தளர 1971 ஆயிற்று. விலக்கியது அளவுமீறிய செயல் என்பதே நம் கருத்து. நாடக மேடையும் பஜனை மடமும் ஆர்மோனியத்தோடு வளர்ந்தவை. ஆனால் தடைக்குப் பின்னிருந்த காது தவறானதன்று.

மின்னிசைக் கருவியை நேருக்கு நேர் சந்தித்த இந்தியர்களும் உண்டு. 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்கக் கலைஞர் டேவிட் டியூடர் ஒரு மூக் சின்தசைஸரை நிறுவினார். கீதா சாராபாய் உள்ளிட்ட சிலர் அதில் இசை முயன்றனர். 1972 வரையிலான அந்த நாடாக்கள் நெடுங்காலம் உறங்கி, 2023இல் ஒரு தொகுப்பாக வெளிவந்தன. கேட்டுப் பார்த்தால், அதில் ராகத்தை நடுங்கவைக்கும் ஆசையைவிட எந்திரத்தின் குரல் என்னவென்று அறியும் ஆசையே மிகுந்திருக்கிறது. அது நேர்மையான வழி என்றே நமக்குப் படுகிறது.

சாம்ப்ளரில் வீணையைக் கேட்க விரும்புவோர் கண்ட வழிகள் இரண்டு. ஒன்று, கமகத்தோடு கூடிய பிடிகளை முழுதாகவே பதிந்து வைத்துக்கொள்வது. வெட்டி ஒட்டினால் கேட்க இனிமைதான். ஆனால் எப்போதோ, எந்த ராகத்திலோ வாசித்த கை அது. இரண்டாவது, மினிமூகின் முதற் சக்கரத்துக்குத் திரும்புவது. இடக்கையால் சக்கரத்தை வளைத்து, வலக்கையால் கட்டைகளை அழுத்திக் கருநாடக இசையை மேடையில் வாசித்துக் காட்டியவர் கீபோர்டு சத்யநாராயணன். வழக்கமாக இரண்டு அரைச்சுரம் வரையே வளையும்படி அமைந்துவரும் சக்கரம் அது. வேண்டிய அளவுக்கு விரித்துக்கொள்ளலாம். அங்கே எல்.எஃப்.ஓ.வுக்கு வேலையில்லை. வீணையில் இழுக்கும் இடக்கை, கீபோர்டிலும் இடக்கையாகவே வந்து சேர்ந்திருக்கிறது.

கணினிக்கே கமகத்தைக் கற்பிக்கலாகாதா என்றும் முயன்றிருக்கிறார்கள். எம். சுப்ரமணியன் எழுதிய ‘காயகா’ மென்பொருள், கமகங்களையும் குறியீடாக எழுதித் தந்தால் பாடிக்காட்டியது. ஆனால் நம் கட்டுரைக்கு மிக நெருங்கிய முயற்சி சிங்கப்பூரில் நடந்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2013இல் முனைவர் பட்ட ஆய்வேடு அளித்த ஸ்ரீகுமார் காரைக்குடி சுப்ரமணியன், பெயரிலேயே நம் ஊரைச் சுமந்தவர். சுரக்குறிப்பை மட்டும் தந்தால் அதற்குரிய கமகங்களைக் கணினியே தேர்ந்து ஒலிக்குமா என்பது அவர் வினா. சகானா ராகத்து வர்ணம் ஒன்றைக் காரைக்குடி மரபில் வாசித்த வீணையிசையை அளவைக்கு எடுத்துக்கொண்டார். வாசித்தவர் ராஜேஸ்வரி பத்மநாபன். சுப்பராம ஐயரின் மகள்வழிப் பேத்தி, சாம்பசிவ ஐயரிடம் பயின்றவர்.

அளந்தபோது அசைவு ஒற்றைக் கோடாக விளங்கவில்லை. ஆய்வாளர் அதை இரண்டாகப் பிரித்தார். சுரத்திலிருந்து சுரத்துக்கு மெல்ல நகரும் ஒரு தளம். அத்தளத்தின்மேல் நிகழும் ஊசல். முதலாவதற்கு ‘மேடை’ என்றும் இரண்டாவதற்கு ‘ஆட்டம்’ என்றும் பொருள்படும் ஆங்கிலப் பெயர்களை இட்டார். எல்.எஃப்.ஓ. தரவல்லது மேடையே இல்லாத ஆட்டம். இரண்டாம் காலத்தில் வாசிக்கும்போது என்ன நிகழ்கிறது என்பதும் ஆராயப்பட்டது. வேகம் இரட்டித்தால் ஊசலும் இரட்டிப்பு வேகத்தில் ஓடும் என்று எந்திரம் எண்ணும். தாளத்தோடு பிணைத்த எல்.எஃப்.ஓ. அதைத்தான் செய்கிறது. வீணை வாசிப்பவர் அப்படிச் செய்வதில்லை. சில ஊசல்களை விடுகிறார், சிலவற்றைச் சுருக்குகிறார், ராகத்தின் முகம் தெரியத் தேவையானவற்றை மட்டும் காக்கிறார். எதை விடலாம் என்று தெரிந்திருப்பதை ஒரு திருகில் அடைக்க இயலவில்லை. அதற்கென விதிகளும், அவற்றுள் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கும் கணக்கும் வேண்டியிருந்தன.

ஒரு வர்ணத்துக்கு இவ்வளவு உழைப்பு. ஆய்வேடு நிறைவுற்ற 2013இல் ராஜேஸ்வரி பத்மநாபன் இல்லை. அவர் 2008இல் மறைந்திருந்தார். கருணிம்ப என்று தொடங்கும் அந்தச் சகானா வர்ணத்தில் அவர் விரல் எங்கே தங்கியது, எங்கே இழுத்தது, இரண்டாம் காலத்தில் எதை விட்டது என்பன அதில் எண்களாக இருக்கின்றன.